சர்வர் பத்து, தோசைக்கல் ஒண்ணு

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் கடுப்புல எழுதற பதிவு. உள்குத்து எதுவும் கிடையாது. எல்லாமே நேர்க்குத்துதான்.

போன வாரம் நண்பர் ஒருத்தர் ஒரு ஒப்பீட்டை அனுப்பி, "பாத்தீங்களா, சின்னப் பொட்டிக்கு எந்த வெப் சர்வர் நல்லதுன்னு ஒரே படத்துல போட்டுட்டாங்க"ன்னார். பார்த்தேன். வழக்கமான சமாச்சாரம்தான். ஒரு ராஸ்பெர்ரி பை. அதுல அப்பாச்சி, என்ஜின்எக்ஸ், லைட்டி மூணையும் மாத்தி மாத்தி நிறுவி, ஏபி நிரலை ஓடவிட்டு, நொடிக்கு எத்தனை கோரிக்கைன்னு பட்டை பட்டையா வரைஞ்சிருந்தாங்க. அப்பாச்சியோட பட்டை மட்டும் சவலைப்பிள்ளை மாதிரி குட்டையா நின்னுச்சு. தீர்ப்பு: அப்பாச்சியைத் தூக்கிப் போடு.

இந்தப் படத்தைப் பல வருஷமா பார்த்துக்கிட்டே இருக்கேன். பொட்டி மாறுது, பதிப்பு எண் மாறுது, பட்டை மட்டும் மாறலை. சிரிச்சிட்டுப் போயிடலாம்தான். ஆனா இதே மாதிரி ஒரு படத்தை நம்பி ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பட்ட பாட்டைப் பக்கத்துல இருந்து பார்த்தவன் நான். சிரிப்பு வரமாட்டேங்குது.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அங்கே கணக்கு வாத்தியார் ஒருத்தர் எனக்குப் பழக்கம். பெயர் வேண்டாம், சார்னே சொல்றேன். லேப்ல நாற்பது கம்ப்யூட்டர். இணையம் வந்தா வரும், வராட்டி வராது. அதனால சார் 2017ல கைக்காசு போட்டு ஒரு ராஸ்பெர்ரி பை 3 வாங்கி, லேப் ஸ்விட்ச்ல சொருகி, அதுல வேர்ட்பிரஸ் போட்டு, தான் எழுதின பாடக்குறிப்பு, பழைய பப்ளிக் பரீட்சைக் கேள்வித்தாள் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஏத்தி வச்சிருந்தார். லேப் சுவரைத் தாண்டாத தளம். அவர் தனியா உக்காந்து பார்த்தா நல்லாத்தான் ஓடும். மணி அடிச்சு நாற்பது பிள்ளைங்களும் ஒண்ணா தட்டினா படுத்துடும். டேட்டாபேஸைத் தொடர்புகொள்ள முடியலைங்கற அர்த்தத்துல இங்கிலீஷ்ல ஒரு வரி வரும், அவ்வளவுதான். சார் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகுவார். நாற்பத்தஞ்சு நிமிஷ வகுப்புல இருபது நிமிஷம் இதுக்கே போயிடும்.

"தம்பி, என் நேரமா இருந்தா போகுதுன்னு விட்டுருவேன். இது பிள்ளைங்க நேரம்யா"ன்னு 2019ல ஒரு தடவை போன்ல சொன்னார். நானும் "சனிக்கிழமை வர்றேன் சார்"னு சொல்லி, நாலு சனிக்கிழமை போகலை. அது என் தப்பு.

அந்த இடைவெளியில, இஞ்சினியரிங் படிக்கிற பழைய மாணவன் ஒருத்தன் லீவுக்கு ஊருக்கு வந்திருக்கான். மேலே சொன்ன படங்களை எல்லாம் பார்த்தவன். "அப்பாச்சி ரொம்ப வெயிட்டு சார்"னு சொல்லி ஒரே ராத்திரியில அதைக் கழட்டிட்டு என்ஜின்எக்ஸைப் போட்டுட்டான். திங்கட்கிழமை மணி அடிச்சது. நாற்பது பேரும் தட்டினாங்க. தளம் படுக்கலை! சாருக்கு ஒரே சந்தோஷம்.

ரெண்டு வாரம் கழிச்சு மாடல் எக்ஸாம். கணக்குல வகுப்பே அள்ளிக் குவிச்சிருக்கு. "நம்ம பிள்ளைங்க இவ்ளோ நல்லா போடுதேன்னு ரெண்டு நாள் பூரிச்சுப் போயிட்டேன் தம்பி"ன்னார். மூணாம் நாள்தான் தெரிஞ்சிருக்கு. அந்தப் பொட்டியிலயே 'விடை'ன்னு ஒரு ஃபோல்டர் வச்சு, அதுக்கு அப்பாச்சியோட டாட் ஹெச்டிஆக்சஸ் கோப்பு மூலமா பாஸ்வேர்டு போட்டிருந்தார். என்ஜின்எக்ஸ் அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதுக்கு அது இன்னொரு சாதாரணக் கோப்பு. ஒரு பையன் முகவரியைத் தட்டியிருக்கான், பாஸ்வேர்டு கேட்கலை. சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் சேதி போயிடுச்சு. மொத்த வகுப்பும் மறுபரீட்சை எழுதுச்சு. உண்மையாவே படிச்சு எழுதின பொண்ணும் சேர்த்துத்தான். அவ வந்து "நான் என்ன சார் பண்ணேன்?"னு கேட்டதுக்குத் தன்கிட்ட பதில் இல்லைன்னு சொன்னப்ப அவர் குரல் சரியா இல்லை.

அந்த வாரம்தான் நான் போனேன்.

அந்தத் தம்பி மேல எனக்குக் கோபம் இல்லை. ராத்திரி முழுக்க முழிச்சு, காசு வாங்காம செஞ்சு குடுத்தவன். என் கோபமெல்லாம் அவனுக்கு அந்தப் படத்தை வரைஞ்சு குடுத்தவங்க மேல. வேகம் ஒண்ணைத் தவிர அதுல எதையும் சொல்லலை. அந்த வேகமாவது உண்மையான்னா, அதுவும் இல்லை.

எப்படின்னு ஓட்டல் பாஷையில சொல்றேன், சர்வர்னு பேரே இருக்கே. பழைய அப்பாச்சி முறை, அதாவது ப்ரீஃபோர்க், மேஜைக்கு ஒரு சர்வர். நீங்க சாப்பிட்டு எந்திரிக்கிற வரைக்கும் அவர் உங்க பக்கத்துலயே நிப்பார். நீங்க பேப்பர் படிச்சிட்டு மெதுவா காப்பி குடிச்சாலும் நிப்பார். வாடிக்கையாளர் ஆயிரக்கணக்குல வந்தா இது கட்டுபடியாகாதுன்னு டேன் கெகல் 1999லயே எழுதினார். பத்தாயிரம் இணைப்பை ஒரே பொட்டி எப்படித் தாங்கும்ங்கற அந்தக் கேள்விக்குப் பதிலாத்தான் யான் க்னெஷ்கே 2003ல லைட்டியை எழுதினார். இகோர் சிசோயெவ் 2002ல ஆரம்பிச்ச என்ஜின்எக்ஸை 2004ல வெளியிட்டார். இவை ரெண்டுலயும் ஒரே சர்வர் நூறு மேஜையைப் பார்த்துப்பார். யார் கையைத் தூக்கறாங்களோ அவங்ககிட்ட போவார். அருமையான யோசனை, சந்தேகமே இல்லை.

ஆனா தோசை சுடறது சர்வர் இல்லையே! வேர்ட்பிரஸ் மாதிரி தளத்துல தோசைக்கல்லுங்கறது பிஹெச்பியும் டேட்டாபேஸும். அப்பாச்சியில பிஹெச்பியை மாட்யூலா சேர்த்தா என்ன ஆகும்னா, ஒவ்வொரு சர்வரும் தலையில ஒரு தோசைக்கல்லைச் சுமந்துக்கிட்டே திரிவார். ஒரு சின்னப் படத்தை எடுத்துக் குடுக்கக்கூட அந்தக் கனத்தோடதான் வரணும். சார் பொட்டியில ஒரு பிராசஸ் கிட்டத்தட்ட 40 எம்பி தின்னுச்சு. டெபியன்ல இப்படி எத்தனை பேரை வேலைக்கு வச்சுக்கலாம்னு முன்னிருப்பா போட்டிருக்கிற உச்சவரம்பு 150. ஒரு உலாவி ஒரே தளத்துக்கு ஆறு இணைப்பு வரைக்கும் திறக்கும். நாற்பது பிள்ளைங்கன்னா 240. அப்போ 150 வரம்பையும் தொட்டுடும். 150 பெருக்கல் 40 எம்பி, 6 ஜிபி. பிராசஸ்கள் நினைவகத்துல கொஞ்சத்தைப் பங்கு போட்டுக்கும், அதனால நிஜத்துல குறையும். எவ்வளவு குறைஞ்சாலும் பை 3ல இருக்கறது 1 ஜிபிதான். அதுக்கு மேல ராஸ்பியன் அப்போ குடுத்த ஸ்வாப் 100 எம்பி, அதுவும் எஸ்டி கார்டு மேல. எல்லாம் தீர்ந்ததும் கெர்னல் பெரிய தலையாப் பார்த்து வெட்டும். அந்தப் பெரிய தலை மரியாடிபி. அதான் அந்த டேட்டாபேஸ் பிழை.

சரி, என்ஜின்எக்ஸ் போட்டதும் ஏன் நின்னுச்சு? என்ஜின்எக்ஸுக்குள்ள பிஹெச்பி உக்காராது. தனியா எஃப்பிஎம்னு ஒண்ணை ஓடவிடணும். அந்த எஃப்பிஎம்ல டெபியன் போட்டிருக்கிற உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? 5. அஞ்சே அஞ்சு! நாற்பது பேர் வந்தா அஞ்சு பேருக்கு இப்போ, மத்தவங்க வரிசையில. ஒவ்வொருத்தரும் கொஞ்சம் காத்திருப்பாங்க, பொட்டி சாகாது. ஆக, தளத்தைக் காப்பாத்தினது என்ஜின்எக்ஸ் இல்லை, 150 இருந்த இடத்துல 5 வந்தது.

நம்பமாட்டீங்கன்னு தெரியும். சாரும் நம்பலை. ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சதும் பிள்ளைங்களை அஞ்சு நிமிஷம் இருக்கச் சொல்லி (ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட், என் செலவு) ஒண்ணு, ரெண்டு, மூணு சொன்னதும் எல்லாரும் ஒரே பக்கத்தைத் தட்டணும்னு சொன்னோம். முதல்ல என்ஜின்எக்ஸையே வச்சுக்கிட்டு அந்த 5ஐ மட்டும் 150ன்னு மாத்தினேன். படுத்துடுச்சு. அதே பிழை வரி. அடுத்தது அப்பாச்சியைத் திரும்பப் போட்டு, 2.4 பதிப்புல இருந்து நிலையாகிட்ட ஈவென்ட் முறைக்கு மாத்தி, பிஹெச்பியை எஃப்பிஎம்முக்குத் தள்ளி, வரம்பு 5ன்னு வச்சேன். நாற்பது பேருக்கும் பக்கம் வந்தது. பின்வரிசையில ஒரு பையன் "ரெண்டுக்கும் ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே அண்ணே"ன்னான். அவனுக்கு இன்னொரு பாக்கெட்.

இப்போ அந்தப் பட்டைப் படங்களுக்கு வர்றேன். அதுல நொடிக்கு இத்தனைன்னு போட்டிருக்கிற எண் எங்கே இருந்து வருது? பெரும்பாலும் நிறுவினதும் வருமே ஒரு வரவேற்புப் பக்கம், அதையே ஏபி வச்சு அடிக்கிறாங்க. டெபியன்ல அப்பாச்சியோட வரவேற்புப் பக்கம் பத்து கிலோபைட்டுக்கு மேல. என்ஜின்எக்ஸோடது அறுநூத்திச் சொச்சம் பைட். ஒருத்தன் தலையில மூட்டை, இன்னொருத்தன் கையில கைக்குட்டை, ஓட்டப்பந்தயம்! டெபியன் அப்பாச்சி ஒவ்வொரு கோரிக்கையையும் லாக்ல எழுதும். லைட்டியில அந்த லாக் மாட்யூலை நாமளா இயக்கினாத்தான் எழுதும். எஸ்டி கார்டு இருக்கிற பொட்டியில இது சின்ன விஷயமா? இந்தப் பக்கம், என்ஜின்எக்ஸை நாலு கோருக்கும் நாலு ஒர்க்கர் ஓடற மாதிரி விட்டுட்டு, லைட்டியை அதோட இயல்புப்படி ஒரே பிராசஸ்ல விட்டுட்டு "லைட்டி பின்தங்கிடுச்சு"ன்னு எழுதினவங்களும் உண்டு.

அந்த ஏபியைப் பத்தியும் சொல்லணும். அது ஒரே த்ரெட்ல ஓடற பழைய கருவி. நாமளா கேட்காட்டி ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்பு திறக்கும். எந்த உலாவி அப்படிப் பண்ணுது? அதையும் அதே பொட்டியிலயே ஓடவிடறாங்க. 2012ல வந்த முதல் ராஸ்பெர்ரி பையில இருந்தது ஒரே கோர், 700 மெகாஹெர்ட்ஸ். கேள்வி கேட்கறவனும் பதில் சொல்றவனும் அந்த ஒரே கோருக்கு அடிச்சுக்கறாங்க. இது அளக்கறது சர்வரை இல்லை, அந்த அடிதடியை. கூடவே பை 3 வரைக்கும் ஈதர்நெட் யூஎஸ்பி வழியாத்தான் போகும். பொட்டிக்குள்ளயே சோதிச்சா அந்தக் கம்பியையே தொடறதில்லை.

வெயிலை மறந்துட்டேனே. பை 3 எண்பது டிகிரி தொட்டா தானா வேகத்தைக் குறைச்சுக்கும். கோவில்பட்டியில மே மாசம் மத்தியானம் மூணு சர்வரை வரிசையா அடிச்சுப் பாருங்க. முதல்ல ஓடினது ஜெயிக்கும், கடைசியில ஓடினது தோக்கும். வரிசையை மாத்தினா முடிவும் மாறும். காத்தாடி போட்டிருந்தாங்களா, எந்த சார்ஜர்ல ஓடுச்சுன்னு ஒரு வரி எழுதின ஒப்பீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

கம்பிக் கணக்கைத்தான் சார் ரொம்ப ரசிச்சார், கணக்கு வாத்தியார் ஆச்சே. பை 3ன் ஈதர்நெட் 100 மெகாபிட். அதாவது நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட். சார் கேள்வித்தாளை எல்லாம் கலர்ல, பக்கத்துக்கு 2 எம்பி வர்ற மாதிரி ஸ்கேன் பண்ணியிருந்தார். நாற்பது பிள்ளைங்க ஒரு பக்கத்தைத் திறந்தா 80 எம்பி. 12.5ஆல வகுத்தா ஆறரை நொடிக்குக் கொஞ்சம் கம்மி. தேவலோகத்துல இருந்து சர்வரைக் கொண்டுவந்து போட்டாலும் அந்தக் கம்பியில அதைவிடச் சீக்கிரம் போகாது. அன்னைக்கே உக்காந்து எல்லாத்தையும் கறுப்பு வெள்ளையாக்கி 200 கிலோபைட்டுக்குக் கொண்டுவந்தோம். முக்கால் நொடிகூட வேண்டாம். இதுக்கு எந்த சர்வரையும் மாத்தலை.

நம்ம பதிவர்களுக்குன்னு தனியா ஒண்ணு. யுனிகோட் யூடிஎஃப்-8ல தமிழ்க் குறியீடு ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட். 'வழங்கி'ங்கற நாலெழுத்துச் சொல்லுக்கு 18 பைட். இங்கிலீஷ்ல ஆறெழுத்து 'சர்வர்' ஆறே பைட். அதனால சுருக்கி அனுப்பறது இங்கிலீஷ்காரங்களைவிட நமக்குத்தான் ரொம்ப முக்கியம். தமிழ்ப் பக்கம் ஜிஸிப்ல நல்லாவே சுருங்கும். ஆனா ஏபி, நாம தனியாச் சொன்னாத்தான் "சுருக்கினதா இருந்தாலும் வாங்கிக்கறேன்"னு கேட்கும். சொல்லாம அடிச்ச சோதனையில சுருக்கற வேலையே நடக்கிறதில்லை. நம்ம பக்கத்தை அனுப்பறப்ப சர்வர் செய்ய வேண்டிய பெரிய வேலையே அதுதான், அது அளவுல இல்லை. அப்புறம் நொடிக்கு எத்தனையா இருந்து என்ன பிரயோஜனம்? ஒரு தடவை சுருக்கி வச்சு அதையே திரும்பத் திரும்பக் குடுக்கிற வசதி என்ஜின்எக்ஸ்ல இருக்கு, லைட்டியில இருக்கு, கொஞ்சம் கைவேலை பார்த்தா அப்பாச்சியிலயும் இருக்கு.

அப்போ எல்லா சர்வரும் ஒண்ணுதானான்னு கேட்டா, அப்படியும் நான் சொல்லலை. மெதுவான இணைப்புக்காரங்க நிறையப் பேர் வர்ற தளத்துல ப்ரீஃபோர்க் திணறும்ங்கறது நிஜம். மேஜைக்கு ஒருத்தர்னு நிக்கிறவர், செல்போன் சிக்னல் கிடைக்காம தவிக்கிறவர் பக்கத்துலயும் நிக்கணுமே. இதையே ஆயுதமா வச்சு 2009ல ஸ்லோலோரிஸ்னு ஒரு தாக்குதல் முறையே வந்தது. ஓபன்டபிள்யூஆர்டி ஓடற ரவுட்டர்ல அப்பாச்சியைத் திணிக்கிறது பைத்தியக்காரத்தனம். அங்கே யூஹெச்டிடிபிடி இருக்கு, அது போதும்.

எடை குறைவுன்னு கண்டதை எடுத்துப் போடறதுலயும் ஆபத்து இருக்கு. போவான்னு ஒரு குட்டி சர்வர். 2005லயே அதை எழுதறதை நிறுத்திட்டாங்க. ஆனா கேமரா, ரவுட்டர்னு கருவிகளுக்குள்ள உக்காந்துக்கிட்டு வாழ்ந்துட்டே இருந்தது. இந்திய மின்கட்டமைப்பைக் குறிவச்ச ஊடுருவலைப் பத்தி 2022 ஏப்ரல்ல ஓர் அறிக்கை வந்தது. அதைத் தொடர்ந்து ஆராய்ஞ்ச மைக்ரோசாஃப்ட், அந்த வருஷம் நவம்பர்ல இந்தப் போவாவைத்தான் ஓட்டையாக் கைகாட்டுச்சு. பட்டைப் படத்துல போவாவைப் போட்டா ரொம்ப உயரமாக்கூட நிக்கும். அதை இன்னைக்கு யாராவது பராமரிக்கிறாங்களான்னு சொல்ற பட்டை அதுல கிடையாது.

ஒப்பீடு எழுதற புண்ணியவான்களே, எழுதுங்க, வேண்டாம்னு சொல்லலை. சோதிக்கிற நிரலை வேற பொட்டியில ஓடவிடுங்க. எல்லாத்துக்கும் ஒரே பக்கத்தைக் குடுங்க, நிஜமான பக்கமா, படத்தோட, தமிழோட. நினைவகம் எவ்வளவு தின்னுச்சுன்னு உச்சத்துல இருக்கறப்ப பாருங்க, சும்மா இருக்கறப்ப இல்லை. வரம்பு எண்களை எல்லாத்துலயும் ஒண்ணாக்குங்க, இல்லாட்டி என்ன வச்சிருந்தீங்கன்னு எழுதவாவது செய்ங்க. முக்கியமா, மாறினா எது வேலை செய்யாமப் போகும்னு ஒரு பத்தி எழுதுங்க. டாட் ஹெச்டிஆக்சஸ் போயிடும்னு ஒரே ஒரு வரி அந்தப் படத்துக்குக் கீழே இருந்திருந்தா, அந்தப் பொண்ணு மறுபரீட்சை எழுதியிருக்க வேண்டாம்.

பி.கு. 1: சார் இப்பவும் அப்பாச்சிதான். ஈவென்ட் முறை, வரம்பு 5, மாறாத பக்கங்களை எல்லாம் ஒரு பிளகின் ஹெச்டிஎம்எல்லா எழுதி வச்சுடுது. தோசைக்கல்லையே அதிகம் மூட்டறதில்லை. அதே பை 3தான்.

பி.கு. 2: நான் வீட்ல வச்சிருக்கறது லைட்டி. வேகத்துக்காக இல்லீங்க. 2009ல இருந்து அதோட கான்ஃபிக் கோப்பு கைக்குப் பழகிடுச்சு, அவ்வளவுதான்.

பி.கு. 3: 'விடை' ஃபோல்டர் இப்போ எந்த சர்வர்லயும் இல்லை. ஒரு பென்டிரைவ்ல, சார் மேஜை டிராயருக்குள்ள, பூட்டு போட்டு இருக்கு.